கோகிலவாணி தூங்கினால் தறி ஓடும்

பாவடிப்பாளையத்தில் எந்தப் பிள்ளையும் தாலாட்டுக் கேட்டுத் தூங்கியதில்லை, தறிச் சத்தம் கேட்டுத்தான் தூங்கும். வீட்டுக்கு வீடு நாலு விசைத்தறியோ எட்டு விசைத்தறியோ தடக்குத் தடக்கென்று அடித்துக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்துக்கு நடுவிலேதான் அங்கே சோறு வேகும், சண்டை நடக்கும், சம்பந்தம் பேசி முடிப்பார்கள், பிள்ளையும் பிறக்கும். கரண்ட் போய்த் தறி நின்றதோ இல்லையோ, கண்ணயர்ந்திருந்த ஊர் மொத்தமும் இடி விழுந்த மாதிரி எழுந்து உட்கார்ந்து, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்கும். மற்ற ஊர்க்காரர்களைச் சத்தம் எழுப்பும், இந்த ஊர்க்காரர்களைச் சத்தம் நின்றால்தான் எழுப்ப முடியும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அப்பேர்ப்பட்ட ஊரில், கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமாகிப்போன ஒரு வெயில் காலத்தில், நாச்சிமுத்து முதலாளியின் பட்டறையில் தறி நாடாவுக்கு நூலைத் தாராகச் சுற்றுகிற கோகிலவாணி, பக்கத்தில் இருந்தவள் சொன்ன ஏதோ ஒரு சொத்தை விஷயத்துக்குச் சிரித்து, சிரித்த வாய் மூடுவதற்குள் முழங்கால் மடங்கி, நூல் வேஸ்ட் குவியல்மேல் சரிந்து தூங்கிப்போனாள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை, அவள் எப்போதும் அப்படித்தான். அதிசயம் என்று ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டுமானால், கரண்ட் போய்ச் சவம் மாதிரி நின்றிருந்த தறிகள் அவள் கண் செருகியதும் ஒவ்வொன்றாகச் சிலிர்த்துக்கொண்டு ஓடத் தொடங்கியதைச் சொல்லலாம். ஃபேன் சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை, மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை, தறி மட்டும் ஓடியது. அந்தப் பட்டறைத் தறி மட்டுமா, தெருத் தறி, அடுத்த தெருத் தறி, ஊர்க்கோடியில் பெல்ட் அறுந்து கிடந்த தறிகூட ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு, "ஏனக்கா, ரொம்ப நேரம் தூங்கிட்டனா?" என்று கேட்டதும் எல்லாத் தறியும் நின்றன.

சும்மா சொல்லக்கூடாது, பாவடிப்பாளையம் காரியக்கார ஊர். கடவுளா பேயா, காற்றா மந்திரமா என்றெல்லாம் மூளையைக் கசக்கி ஒருவரும் நேரத்தை வீணாக்கவில்லை. தறிக்காரர் சங்கத் தலைவரான நாச்சிமுத்து முதலாளி, பிறந்ததிலிருந்து சிரித்தறியாத வழுக்கைத்தலை மனுசர், தன் சந்தன நிறச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "நாளைக்கு எப்பத் தூங்குவா?" என்பதுதான்.

அதுவரைக்கும் கோகிலவாணிக்கு அந்த ஊரில் இருந்த பெயர் என்ன தெரியுமா? தூங்குமூஞ்சி, வாழைப்பழச் சோம்பேறி, கும்பகர்ணன் வாரிசு. சாப்பிடும்போது கை சோற்றில் இருக்கவே தூங்குவாள், பேசும்போது பாதி வார்த்தையில் தூங்குவாள், பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய ஊரைத் தவிர எல்லா ஊரையும் பார்த்துவிட்டு வருவாள். ராத்திரி என்றால் நெஞ்சின்மேல் ஏதோ ஏறி உட்கார்ந்து கை கால் அசைக்க விடாமல் அமுக்கும், கத்தினால் சத்தம் வராது. அதற்காகத் தாயத்துக் கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள், தாயத்துக் கட்டினவர் முன்னாலேயே அவள் தூங்கியதில் அவருக்குக் கோபம் வந்ததுதான் மிச்சம். அவள் முடிவு வரைக்கும் பார்த்த சினிமா கிடையாது. முழுசாகப் பார்த்த கல்யாணமும் கிடையாது, தன்னுடைய கல்யாணத்தையும் சேர்த்துத்தான். கெட்டிமேளம் காதைப் பிளக்கத் தாலி ஏறியபோது பெண் தலை கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண் தலை கவிழ்ந்துதானே இருக்க வேண்டும், ஆகவே மண்டபமே, "எத்தனை அடக்கமான புள்ள பாருங்க" என்று சொல்லி மாமியார் ராமாயாளைப் பூரிக்க வைத்தது. அந்தப் பூரிப்பு முதல் குழம்பு அடிப்பிடிக்கும்வரை இருந்தது.

தூக்கத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சிரிப்புதான் அவளுக்குச் சத்துரு. மனசு விட்டுச் சிரித்தாளோ போச்சு, தாடை தொங்கும், கழுத்து துவளும், முழங்காலில் இருந்த தெம்பை யாரோ உருவிக்கொண்ட மாதிரி அப்படியே மடங்கி விழுவாள். முன்பல் ஒன்று உடைந்தது அப்படித்தான், புருவத்துக்குமேல் தழும்பு வந்ததும் அப்படித்தான். ஆனால் ஒன்று, விழுந்த உடனே தூக்கம் வராது. உடம்புதான் விழும், காது விழாது. அசையாமல் கிடந்தபடி சுற்றிலும் பேசுகிறதெல்லாம் அவளுக்கு அட்சரம் பிசகாமல் கேட்கும், அப்புறம்தான் மெல்லத் தூக்கம் வந்து மூடும். இதை ஒருமுறை மாமியாரிடம் சொன்னாள். "தூங்கறவளுக்குக் காது கேக்குமாக்கும், எந்த ஊர் நாயம்டி இது?" என்று ராமாயாள் கேட்டுவிட்டுப் போனாள், அதோடு அந்தப் பேச்சைக் கோகிலவாணி எடுக்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால் அவள் கட்டிக்கொண்டது மாதேசுவை. மாதேசு அந்தப் பட்டறையிலேயே தறி ஓட்டுகிறவன், கோமாளிக்குப் பிறந்த கோமாளி. தறிச் சத்தத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது, பட்டறைக்குள் எல்லோரும் கையாலும் உதட்டாலும் முகத்தாலும்தான் பேசிக்கொள்வார்கள். அந்த ஊமைப் பாஷையில் மாதேசு ராஜா. இரண்டு கையை மட்டும் வைத்துக்கொண்டு, வட்டிக்காரர் செருப்பைத் தேடுவதையும், நாச்சிமுத்து முதலாளி தும்மலை அடக்கிக்கொண்டு நூல் விலை பேசுவதையும் செய்து காட்டுவான். அதைத் தார் மெஷினுக்குப் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்துத்தான் கோகிலவாணி விழுந்தாள், இரண்டு விதத்திலும் விழுந்தாள். கல்யாணமான புதிதில் அவன் வாயைத் திறந்தாலே அவள் தரையில் கிடந்தாள். பல் உடைந்த அன்றைக்கு அவள் வாயிலிருந்து ரத்தத்தைக் கழுவிவிட்ட மாதேசு, அதற்கப்புறம் அவள் முன்னால் ஒரு வேடிக்கையும் செய்யவில்லை. எங்கே போனாலும் அவளுக்குப் பின்னால் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, உம்மென்ற முகத்தோடு, விழுந்தால் பிடிக்கத் தயாராக நடந்தான். சிரிக்க வைத்தவனே சிரிப்புக்குக் காவல்காரனாகிவிட்டான். பிரியத்தினால்தான் செய்தான், அது அவளுக்கும் தெரியும், தெரிந்துதான் வயிறு எரிந்தது. அவனுடைய ஒரு வேடிக்கையை, ஒன்றே ஒன்றை, நின்றபடி முடிவு வரைக்கும் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு ஆசை கிடையாது.

ஊருக்கு ஆசை வேறு. கரண்ட் போன நேரமெல்லாம் கோகிலவாணி தூங்க வேண்டும், அவள் தூங்கச் சிரிக்க வேண்டும், அவள் சிரிக்க யாராவது ஏதாவது செய்ய வேண்டும். உடனே சங்கத்தில் சிரிப்புக் கமிட்டி என்று ஒன்றை அமைத்தார்கள், அதற்கொரு தலைவர், இரண்டு துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர். அதுவரை வட்டியும் நூலும் தவிர வேறு பேச்சே பேசாத பெரிய மனுசர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தார் மெஷின் முன்னால் வரிசையில் நின்று குட்டிக்கரணம் போட்டார்கள். ஒருத்தர் கழுதை மாதிரிக் கத்தினார், ஒருத்தர் மனைவியின் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார், அது தனக்கு நன்றாக இருக்கிறதென்று சொல்லி அப்படியே வீட்டுக்குப் போனார். கோகிலவாணி கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் யார் தலைமையில் சிரிக்க வைப்பது என்று கமிட்டிக்குள் அடிதடி வந்து, சமாதானத்துக்குத் தலைவருக்கு மாலை போடலாமென்று வாங்கி வந்த மாலை சின்னதாகப் போய், நாச்சிமுத்து முதலாளியின் தலையில் இறங்காமல் மூக்குக்கும் காதுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்க, அவர் அதோடும் கண்ணை உருட்டி, "கூட்டம் ஆரம்பிக்கலாம்" என்று சொன்னார் பாருங்கள், அப்போது விழுந்தாள். தறி ஓடியது. கமிட்டி அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் என்ன? சின்ன மாலைதான் சிரிப்பு. அடுத்த நாளிலிருந்து பூக்காரரிடம் தினமும் சின்ன மாலை ஆர்டர் போனது. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது பெரிய மனுசர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

ஆனாலும் ஒன்றுமே தெரியாதவர்கள் ஒன்றைப் பெரிதாக நினைத்துச் செய்கிறபோது எங்கேயாவது ஒரு இடத்தில் சிரிப்பு வந்துதான் தீரும், அப்படி வந்த சிரிப்பில் ஊர் பிழைத்தது. அவள் நடக்கிற வழியெல்லாம் நூல் வேஸ்ட் அடைத்த மூட்டைகளைப் பரப்பி வைத்தார்கள். அவள் விழுந்த இடங்களில் மஞ்சள் கோடு போட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் 'ஊர் உழைக்க உறங்கும் உத்தமியே!' என்று ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், அதில் கோகிலவாணியின் படம் கட்டைவிரல் அளவும் கமிட்டிக்காரர்களின் படங்கள் ஆளுயரமும் இருந்தன. தூங்குமூஞ்சியின் மாமியார் என்று ஒதுக்கப்பட்டிருந்த ராமாயாளுக்கு எந்த விசேஷத்திலும் முன்வரிசையில் நாற்காலி கிடைத்தது, அவளும் கூச்சப்படாமல் உட்கார்ந்தாள். கரண்ட் ஆபீசிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து, கம்பியில் கரண்ட் இல்லாமல் ஊர் எப்படி ஓடுகிறது என்று போஸ்ட் போஸ்டாகத் தட்டிப் பார்த்தார். மீட்டர் ஓடவில்லை, கொக்கி போடவில்லை, யாரைப் பிடிப்பது என்று தெரியவில்லை. "யாரைக் கேட்டு இந்த அம்மா தூங்குது?" என்று கேட்டார். "தூக்கம் கேட்டுட்டா சார் வருது?" என்றார்கள். நியாயம்தான் என்று யோசித்து, தூக்கத்துக்கு யூனிட்டுக்கு எவ்வளவு என்று மேலிடத்தில் இன்னும் முடிவாகவில்லை, ஆனதும் வருகிறேன் என்று சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

எல்லோரும் நன்றாக இருந்தார்கள். கோகிலவாணி மட்டும் உடம்பெல்லாம் சிராய்ப்போடு, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, எழுந்தால் இது காலையா மாலையா என்று தெரியாமல், தன் வாழ்க்கையைச் சன்னல் வழியே எட்டிப் பார்க்கிறவளைப்போல இருந்தாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவள் தலைவலியில் ஊருக்கே சுகமென்றால் ஊர் எதற்குத் தைலம் வாங்கும்?

நாளாக நாளாகச் சின்ன மாலையும் பலிக்கவில்லை, கழுதைக் கத்தலும் பலிக்கவில்லை. அப்போதுதான் நாச்சிமுத்து முதலாளிக்கு மாதேசு ஞாபகம் வந்தான். கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். "என்ற பொண்டாட்டியக் கீழ தள்ளறதுக்கு என்னையே கூப்பிடறீங்களா முதலாளி? அதுக்கு நான் ஆளில்லைங்க" என்று மாதேசு தறிக்குப் போய்விட்டான். முதலாளி கோபப்படவில்லை, அவர் யோசிக்கிற ஆள். தார் மெஷினைப் பட்டறைக்குப் பின்னால் ஒரு இருட்டறைக்கு மாற்றினார். அந்த அறையில் ஒரு சன்னல், சன்னலுக்கு ஒரு திரை, திரைக்கு அந்தப்பக்கம் மாதேசுவின் தறி. இருட்டிலிருந்து பார்த்தால் வெளிச்சத்தில் அவன் நன்றாகத் தெரிவான், அவனுக்கு இவள் தெரியமாட்டாள். கரண்ட் போய் எல்லோரும் சும்மா குந்தியிருக்கிற நேரத்தில், "புதுசா வந்த வெளியூர்ப் பசங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கறானுங்க, ஏதாச்சும் செஞ்சு காட்டப்பா மாதேசு" என்பார். பாவம், அவனும் ஊருக்குப் புதுசான பிள்ளைகள் என்று கையைத் தூக்குவான். இந்தப்பக்கம் திரை விலகும்.

முதல் நாள் அந்தச் சன்னலில் அவனைப் பார்த்தபோது கோகிலவாணிக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. எத்தனை வருசம் கழித்து அந்தக் கைகளைப் பார்க்கிறாள்! வட்டிக்காரர் செருப்பைத் தேடினார், ஒரு காலில் நின்றார், நாயைத் திட்டினார், செருப்பு நாயிடம் இருக்கிறதா இல்லையா என்று தெரிவதற்குள் இவள் விழுந்துவிட்டாள். தினமும் விழுந்தாள், சந்தோஷமாக விழுந்தாள், நாளைக்காவது அந்தச் செருப்பு கிடைத்ததா என்று பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே விழுந்தாள். ஒருநாள் மெஷின் முனையில் தாடை இடித்து விழுந்து, வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரிக்க, அசையாமல் கிடந்தபோது, தலைக்குமேல் நாச்சிமுத்து முதலாளியின் குரல் கேட்டது. "அந்தத் திரையை மூடு மொதல்ல, புருசங்காரன் பாத்துத் தொலைக்கப் போறான். நாளைக்கும் இதே நேரம் தொறந்துக்கலாம்."

அவள் அதைக் கேட்டபடியே தூங்கினாள். அந்தத் தூக்கத்திலும் தறி ஓடியது, என்ன செய்வது, தறிக்கு மானம் ரோசம் கிடையாது. எழுந்ததும் நேராகப் போய் மாதேசுவிடம் சொன்னாள். மாதேசு தாடையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தான், தன் கைகளைப் பார்த்தான். அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பாக்கெட்டில் வைத்தான், முதுகுக்குப் பின்னால் கட்டினான், வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதான். "நம்ம கோயம்புத்தூர் போலாம் அம்மிணி" என்றான். "இது பேயும் இல்ல பிசாசும் இல்ல. எதுக்கும் ஒரு மருந்து இருக்கும்."

கோயம்புத்தூரில் ஒரு நரம்பு டாக்டரம்மா இவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "சிரிச்சா முழங்கால் விட்டுப்போகுதாம்மா? விழுந்த பிறகும் காது கேக்குமே?" என்றார். பிறந்ததிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. கோகிலவாணிக்கு அழுகை பொங்கியது, பொங்கியதில் கழுத்துத் துவண்டது, டாக்டரம்மா எழுந்து வந்து தாடையைத் தாங்கிக்கொண்டார். தலையில் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். அந்த நேரம் பாவடிப்பாளையத்தில் தறி ஓடியதா என்றால், இல்லை. ஊர் எல்லை தாண்டினால் அவள் தூக்கம் எல்லாருடையதையும்போலச் சாதாரணத் தூக்கம்தான்.

"இதுக்குப் பேரு நார்கோலெப்சி" என்றார் டாக்டரம்மா. "தூக்கத்தையும் முழிப்பையும் தனித்தனியா வெச்சிருக்கிற ஒரு சத்து மூளையில சுரக்கணும், உங்களுக்கு அது குறைஞ்சுபோச்சு. முழிப்புக்குள்ள தூக்கம் பூந்துடுது, அவ்வளவுதான். சோம்பேறித்தனமும் இல்ல, யாரோட சாபமும் இல்ல. முழுசாப் போகாது, பொய் சொல்ல மாட்டேன். மாத்திரைய ஒழுங்காச் சாப்பிட்டு, மத்தியானம் நேரம் வெச்சு ஒரு குட்டித் தூக்கம் போட்டீங்கன்னா உங்க கைக்குள்ள நிக்கும்." பஸ்ஸில் திரும்பி வரும்போது கோகிலவாணி வாழ்க்கையில் முதல்முறையாகச் சோம்பேறி இல்லாதவளாகத் தூங்கினாள், மாதேசு இறங்க வேண்டிய இடத்தில் எழுப்பினான்.

மாத்திரை வேலை செய்ய நாலைந்து வாரம் பிடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவள் விழுவது குறைந்தது, சோறு சாப்பிட்டு முடிகிறவரை முழித்திருந்தாள், ஒரு சாம்பாரை அடிப்பிடிக்காமல் இறக்கினாள், ராமாயாள் அதை ருசித்துப் பார்த்துவிட்டு, "உப்புக் கம்மி" என்றாள், அது பாராட்டு. ஊர் வரிசையாக விசாரிக்க வந்தது. விசாரிக்க வந்தவர்களின் அக்கறையைக் கேட்க வேண்டுமே! ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுதது. மாத்திரை சூடு என்றார்கள், கிட்னிக்கு ஆகாது என்றார்கள், தூக்கம் வராமல் எத்தனையோ கோடீஸ்வரன் தவிக்கிறான், வந்த மகாலட்சுமியை எட்டி உதைக்காதே அம்மிணி என்றார்கள். மருந்துக் கடைக்காரரிடம் கேட்டால், "அந்த மாத்திரை இனிமே இந்தப் பக்கமே வராதாமுங்க" என்று அவர் கூரையைப் பார்த்தார். அவருடைய வீட்டிலும் எட்டுத் தறி. மாதேசு கோயம்புத்தூர் போய் வாங்கி வந்தான்.

கடைசியில் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், கரண்ட் போகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், தோதாக. கோகிலவாணியை மேடையில் உட்கார வைத்தார்கள், நாற்காலியைச் சுற்றி நூல் வேஸ்ட் மூட்டை. மாதேசு அவளுக்குப் பின்னால் கையை ஏந்திக்கொண்டு நின்றான். நாச்சிமுத்து முதலாளி மைக்கைப் பிடித்தார்.

"கோகிலவாணி அம்மிணியோட உடம்பு, ஒருத்தரோட உடம்பு இல்லீங்க. அது இந்த ஊரோட பொதுச்சொத்து. நம்ம ஏரி மாதிரி, சுடுகாடு மாதிரி. அதுல மாத்திரைய ஊத்தறதுக்கு யாருக்கும் உரிமை கிடையாது. அம்மிணி ஓய்வெடுக்கோணும், நல்லா ஓய்வெடுக்கோணும், அதுக்காக இந்தச் சங்கம் என்ன தியாகம் வேணாலும்…"

அங்கே கரண்ட் போனது. மைக் செத்தது, தறிகள் நின்றன, ஊரே பொட்டென்று மௌனமானது. மத்தியானத் தூக்கத்தில் இருந்த சனமெல்லாம் திடுக்கிட்டு எழுந்து, கன்னத்தில் பாய் அச்சோடு, அவிழ்ந்த கொண்டையோடு, பழக்கதோஷத்தில் அவளைத் தேடிச் சங்கக் கட்டடத்துக்கே ஓடிவந்து வாசலில் அடைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லார் கண்ணும் அவள்மேல். செயலாளர் சைகை காட்ட, பொருளாளர் பையிலிருந்து சின்ன மாலையை எடுத்து முதலாளியின் தலையில் மாட்டினார், அது வழக்கம்போல மூக்கில் நின்றது. கோகிலவாணி பார்த்தாள். சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"நானும் கொஞ்சம் பேசோணுங்க" என்றாள். "நான் விழுந்த ஒடனே தூங்கறதில்லீங்க. கொஞ்ச நேரத்துக்குக் காது நல்லாக் கேக்கும். இத்தனை நாளும் என்ற தலைமாட்டுல நின்னு நீங்க பேசினதெல்லாம் எனக்குக் கேட்டுதுங்க."

மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒருவர் மெல்ல எழுந்தார். கூட்டத்தில் ஒவ்வொரு முகமும் தான் எப்போது, என்ன பேசினோம் என்று தேடத் தொடங்கியதை அவள் பார்த்தாள். அடகுக் கடையில் சீட்டைத் தொலைத்தவர்கள் மாதிரி விழித்தார்கள்.

"முதலாளி, திரையை மூடு, புருசங்காரன் பாத்துத் தொலைக்கப் போறான்னு சொன்னீங்க. அப்ப என்ற வாயில ரத்தம் வந்துட்டிருந்துது, அது உங்களுக்குத் தெரிஞ்சுது, அந்த நூல்ல ரத்தம் பட்டுறாமப் பாத்துக்கன்னு சொன்னீங்க. பொருளாளர் அண்ணா, அடுத்த வருசம் தலைவர் பதவி எனக்குத்தான், நாச்சிமுத்து தலைக்கு வெளியிலயும் ஒண்ணும் இல்ல உள்ளயும் ஒண்ணும் இல்லன்னு நீங்க சொன்னீங்க."

"நானா?" என்றார் பொருளாளர்.

"நீங்கதானுங்க. அதுக்குச் செயலாளர் அண்ணன், உனக்கு மட்டும் இருக்குதாக்கும்னு மனசுக்குள்ள சொல்றாப்பல நெனச்சுட்டு வெளியில சொல்லிட்டார்." அவள் மூச்சு விட்டாள். "எங்க அத்தையும் பேசுவாங்க. எந்நேரமும் திட்டுவாங்க. ஆனா நான் விழுந்தா ஓடிவந்து என்ற வாயைத் தொடச்சு, சீலைய இழுத்து மூடிவிட்டது எங்க அத்தை ஒருத்திதான். தொடச்சுக்கிட்டேதான் திட்டினாங்க." முன்வரிசை நாற்காலியில் ராமாயாள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள், "இவளுக்குக் காது வேற கேட்டிருக்குது பாரு" என்று அப்போதும் திட்டினாள்.

நாச்சிமுத்து முதலாளி மெதுவாகப் பொருளாளர் பக்கம் திரும்பினார், மூக்கில் மாலையோடு. "உள்ளயும் ஒண்ணும் இல்லியா?" என்றார். பொருளாளர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் துணைத் தலைவர்களைப் பார்த்தார், துணைத் தலைவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, தாங்கள் பேசியதை இவள் இன்னும் சொல்லவில்லை என்பதை ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்கள், வாசலில் சனம் விடவில்லை. முதலாளி பொருளாளரின் சட்டைக் காலரைப் பிடிக்கக் கையை நீட்டி, மாலை கண்ணை மறைத்ததில் மைக்கின் கழுத்தைப் பிடித்து உலுக்கி, "சொல்லுடா, சொல்லுடா!" என்று அதட்டினார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து, அத்தனை வருசமும் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. முழங்கால் ஒருமுறை வெடவெடத்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தாடை கொஞ்சம் இளகி மறுபடி நின்றது. சிரித்தாள், சிரித்துக்கொண்டே நின்றாள், நின்றுகொண்டே இன்னும் சிரித்தாள், அவ்வளவு மௌனத்தில் அந்த ஊர் ஒரு மனுசியின் சிரிப்பை அதுவரை முழுசாகக் கேட்டதில்லை. ஊரெங்கும் ஒரு தறியில்கூட நாடா நகரவில்லை.

"மத்தியானம் சாப்பிட்டு ஒரு குட்டித் தூக்கம் போடோணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க" என்றாள், கண்ணைத் துடைத்தபடி. "அது எனக்காகத் தூங்கற தூக்கம். அப்ப உங்க தறி ஓடினா ஓடட்டும், நான் வேண்டாங்கல. மத்த நேரத்துக்கு நீங்க கரண்ட் ஆபீஸ்ல போய்ச் சின்ன மாலை போட்டுட்டு நில்லுங்க."

அவள் திரும்பினாள். மாதேசு இன்னும் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, பிடிக்கத் தயாராக, வியர்த்துப்போய் நின்றிருந்தான்.

"கையை எறக்குங்க மாமா" என்றாள். "நான் விழல."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. ஏந்தியிருந்த கைகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், நிற்கிற காலைப் பார்த்தான். "நெசமாவா?" என்று தறிக்காரர்கள் கேட்கிற மாதிரிச் சத்தமில்லாமல் உதட்டால் மட்டும் கேட்டான். அவளும் உதட்டால் சொன்னாள், "அந்தச் செருப்பு கெடைச்சுதா இல்லியா?"

மாதேசு கையை இறக்கவில்லை. பிடிப்பதற்காக ஏந்தியிருந்த அதே கைகள் மெதுவாகத் திரும்பி, ஒன்று வட்டிக்காரராகவும் ஒன்று நாயாகவும் ஆயின. வட்டிக்காரர் வாசலில் குனிந்து தேடினார், ஒரு காலில் நின்றார், நாயைத் திட்டினார், நாய் ஒன்றுமறியாத மாதிரி வானத்தைப் பார்த்தது. செருப்பு அவருடைய காலிலேயேதான் இருந்தது. ஊரே பாய் அச்சுக் கன்னங்களோடு பார்த்துக்கொண்டிருக்க, கோகிலவாணி மேசையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு, கால் லேசாக ஆட ஆட, வேடிக்கையை முடிவு வரைக்கும் நின்று பார்த்தாள்.